தலை, கழுத்துப் புற்றுநோயில் குருதியணு எண்ணிக்கையும் நோய்முன்கணிப்பும்

தலை, கழுத்துப் புற்றுநோயில் குருதியணு எண்ணிக்கை என்பது வாய், தொண்டை, குரல்வளை, மூக்கறை ஆகிய உறுப்புகளில் புற்றுநோய் கண்டவரின் செவ்வணு, வெள்ளணு, தட்டணு அளவுகளைக் கொண்டு நோயின் போக்கை மதிப்பிடும் முறையைக் குறிக்கும். நோய் இனி எவ்வாறு செல்லும் என முன்கூட்டி மதிப்பிடுவது நோய்முன்கணிப்பு எனப்படுகிறது. இதற்குத் தேவையான எண்கள் அனைத்தும் முழுக் குருதி எண்ணிக்கை என்னும் எளிய, செலவு குறைந்த பரிசோதனையிலேயே கிடைத்துவிடுகின்றன. எனினும், இவ்வெண்கள் நோயின் நிலையைச் சுட்டும் குறிகாட்டிகளே. எண்ணைச் சரிசெய்வதால் மட்டும் நோய் கட்டுப்படுவதில்லை.

பின்னணி

உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி 2020ஆம் ஆண்டில் இந்தியாவில் உதடு, வாய்க்குழிப் புற்றுநோய் மட்டும் 1.35 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் புதிதாக ஏற்பட்டது. மெல்லும் புகையிலை, பாக்கு, புகைபிடித்தல், மது ஆகியவை முதன்மைக் காரணங்கள். இவற்றுள் பெரும்பாலானவை செதிள் உயிரணுப் புற்றுநோய் வகையைச் சேர்ந்தவை.

அழற்சிக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்ற கருத்து பழமையானது. செருமானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ 1863இல் கட்டித் திசுக்களுக்குள் வெள்ளணுக்கள் இருப்பதைச் சுட்டிக்காட்டினார். அணுக்களை விரைவாக எண்ணும் கருவிக்கு 1953இல் அமெரிக்கரான வாலஸ் கூல்ட்டர் காப்புரிமை பெற்றார். அதன்பின் இப்பரிசோதனை சிறிய ஆய்வுக்கூடங்களிலும் படிப்படியாக இடம்பெற்றது.

நியூட்ரோபில் - லிம்போசைட்டு விகிதம்

நியூட்ரோபில்கள் அழற்சியின்போது பெருகும் வெள்ளணுக்கள். இவை வெளியிடும் சில பொருட்கள் கட்டிக்குப் புதிய குருதிக்குழாய்கள் உருவாகத் துணைபுரிகின்றன. லிம்போசைட்டுகள் புற்று உயிரணுக்களை இனங்கண்டு அழிக்கும் நோயெதிர்ப்புப் படை. எனவே முதலாவது மிகுந்து இரண்டாவது குறைவது, நோயெதிர்ப்பு ஆற்றல் பின்வாங்குவதன் அறிகுறியாகக் கருதப்படுகிறது.

முதல் எண்ணை இரண்டாம் எண்ணால் வகுத்தால் இவ்விகிதம் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, ஒருவரின் மொத்த வெள்ளணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 9,000. அதில் நியூட்ரோபில் 72 விழுக்காடு, லிம்போசைட்டு 18 விழுக்காடு எனக் கொள்வோம். அவை முறையே 6,480, 1,620 ஆகும், விகிதம் 4. அவருக்குத் தட்டணுக்கள் 3,24,000 இருப்பின் தட்டணு - லிம்போசைட்டு விகிதம் 200.

சுலோவாக்கியாவின் சகோரெட்சு 2001இல் தீவிர சிகிச்சை நோயாளிகளின் உடல் நெருக்கடியை அளக்க நியூட்ரோபில் - லிம்போசைட்டு விகிதத்தை முன்வைத்தார். பின்னர் இது புற்றுநோயியலுக்கு வந்தது. பலவகைத் திடக்கட்டிகள் குறித்த 100 ஆய்வுகளையும் 40,559 நோயாளிகளையும் தொகுத்து 2014இல் வெளியான பகுப்பாய்வில், விகிதம் உயர்ந்திருந்தவர்களின் இறப்பு இடர் மற்றவர்களைப் போல் சுமார் 1.8 மடங்காக இருந்தது. தலை, கழுத்துப் புற்றுநோய் பற்றிய தனித் தொகுப்பாய்வுகளும் இதே திசையையே காட்டுகின்றன.

எது உயர்ந்த விகிதம் என்பதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட ஒரே எல்லை இல்லை. ஆய்வுகள் 2 முதல் 5 வரை வெவ்வேறு எல்லைகளைக் கையாண்டுள்ளன. அமெரிக்கக் கூட்டுக் குழுவின் எட்டாம் பதிப்பு நோய்நிலை வகைப்பாட்டிலும் இவ்விகிதம் இடம்பெறவில்லை. கட்டியின் அளவு, ஊடுருவிய ஆழம், கழுத்து நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியமை ஆகியவையே முன்கணிப்பின் அடிப்படைகளாகத் தொடர்கின்றன.

ஈமோகுளோபின்

கதிரியக்கம் புற்று உயிரணுவை அழிக்க ஆக்சிசன் துணை தேவை. கிரேயும் அவருடைய குழுவினரும் 1953இல் இதை விளக்கினர். ஆக்சிசன் அற்ற உயிரணுவைக் கொல்ல 2.5 முதல் 3 மடங்கு வரை கூடுதல் கதிர் அளவு வேண்டும். ஈமோகுளோபின் குறைந்த நோயாளிகளில் கதிர்மருத்துவம் குறைந்த பயனையே தருவது பல ஆய்வுகளில் காணப்பட்டது.

ஆகவே ஈமோகுளோபினை உயர்த்தினால் நோயாளி பிழைப்பார் என எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் விளைவு வேறாக அமைந்தது. செவ்வணு ஆக்கத்தைத் தூண்டும் எரித்ரோபொயட்டின் மருந்தை 351 தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளில் சோதித்த ஆய்வு 2003இல் வெளியானது. மருந்து பெற்றவர்களின் ஈமோகுளோபின் உயர்ந்தது. ஆனால் புற்றுநோய்க் கட்டுப்பாடு மருந்து பெறாதவர்களைவிட மோசமாக இருந்தது. இவ்வகை மருந்து ஒன்றைச் சோதித்த டென்மார்க்கு ஆய்வு, இடைக்கணிப்பில் அதே போக்குத் தெரிந்ததால் 2006இல் நிறுத்தப்பட்டது. குருதியேற்றமும் கதிர்மருத்துவத்தின் பயனைக் கூட்டவில்லை என மற்றொரு டென்மார்க்கு ஆய்வு காட்டியது.

குறிகாட்டியும் காரணமும் ஒன்றல்ல என்பதற்கு இது மருத்துவத்தில் ஒரு முக்கிய எடுத்துக்காட்டாகும். குருதிச்சோகை உணவு குறைந்ததாலோ, கட்டி பெரிதானதாலோ, குருதிக் கசிவாலோ ஏற்பட்டிருக்கலாம். அந்நிலையில் எண்ணை மட்டும் மாற்றுவது அடிப்படைக் காரணத்தை மாற்றாது.

பிழையான முடிவுக்கு இட்டுச்செல்லும் காரணிகள்

புற்றுநோயுடன் தொடர்பற்ற காரணங்களாலும் எண்கள் மாறுகின்றன:

- சொத்தைப் பல், ஈறு சீழ் போன்ற தொற்றுகள் நியூட்ரோபில்களை உயர்த்தும். வாய்ப்புற்றுநோயில் இவை உடன் இருப்பது இயல்பு.
- வாந்தியைத் தடுக்கச் சிசுபிளாட்டினுடன் தரப்படும் டெக்சாமெத்தசோன் நியூட்ரோபில்களை உயர்த்தி லிம்போசைட்டுகளைக் குறைக்கும்.
- புகைபிடிப்போரின் வெள்ளணு எண்ணிக்கை பொதுவாகவே கூடுதலாக இருக்கும்.
- டெங்குக் காய்ச்சல் தட்டணுக்களைக் குறைக்கும்.
- பாக்கு மெல்லுவதால் வாய் திறக்க இயலாத நிலை ஏற்பட்டவர்களிடம் உணவுக் குறைவால் குருதிச்சோகை உண்டாகலாம்.

எனவே ஒரே ஒரு அறிக்கையைக் கொண்டு முடிவு செய்வது பொருந்தாது. தொற்று நீங்கிய பின் எடுத்த அளவும், ஒரே ஆய்வுக்கூடத்தில் அடுத்தடுத்து எடுத்த அளவுகளும் கூடுதல் நம்பகமானவை.

சிகிச்சைக் காலத்தில் பயன்பாடு

முன்கணிப்பைவிட அன்றாடச் சிகிச்சையில்தான் இப்பரிசோதனையின் பயன் உறுதியானது. கதிர்மருத்துவம் வழக்கமாக வாரம் 5 நாட்கள் என 6 முதல் 7 வாரங்கள் நடைபெறும். உடன் சிசுபிளாட்டின் தருவதற்கு முன் நியூட்ரோபில்கள் 1,500க்கும், தட்டணுக்கள் 1,00,000க்கும் குறையாமல் உள்ளனவா எனப் பொதுவாகப் பார்க்கப்படுகிறது. குறைந்திருப்பின் மருந்து தள்ளிப்போடப்படும். ஆனால் கதிர்மருத்துவம் இயன்றவரை தடையின்றித் தொடரப்படும். மொத்தச் சிகிச்சைக் காலம் ஒரு நாள் நீள்வதால் நோய்க் கட்டுப்பாடு ஏறத்தாழ 1 விழுக்காடு குறையும் என்பதே காரணம்.

நியூட்ரோபில்கள் 500க்குக் கீழ் சென்ற நிலையில் காய்ச்சல் வருவது உயிருக்கு ஆபத்தான அவசரநிலையாகும்.

மேற்குச் சென்னைப் புறநகரில்

அம்பத்தூர் தொழிற்பேட்டை (1964), ஆவடி கனரக ஊர்தித் தொழிற்சாலை (1961) ஆகியவற்றைச் சுற்றி வளர்ந்த இப்பகுதியில் தொழிலாளர் குடும்பங்கள் பெருமளவில் வாழ்கின்றன. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடியிலுள்ள சவீதா பல் மருத்துவக் கல்லூரியும் போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவமனையும் இப்பகுதியினருக்கு அண்மையில் உள்ளவை. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் நிலையம் நகரின் மறுகோடியில் உள்ளது. சென்னை மக்கள்தொகைப் புற்றுநோய்ப் பதிவேட்டை 1982 முதல் இந்நிலையமே நடத்திவருகிறது.

தொலைவில் சிகிச்சை பெறுபவர் குருதிப் பரிசோதனையை வீட்டருகிலேயே செய்துகொள்ள இயலும். விழுக்காட்டை மட்டுமன்றி மொத்த வெள்ளணு எண்ணிக்கையையும், குருதி எடுத்த நாளையும், அப்போது உட்கொண்ட மருந்துகளையும் குறித்த அறிக்கையே மருத்துவருக்குப் பயன்படும். காய்ச்சல் கண்டால் சிகிச்சை பெறும் மருத்துவமனையின் அடுத்த முறைநாள் வரை காத்திராமல் அருகிலுள்ள மருத்துவமனையை உடனே அணுகுதல் வேண்டும்.