போதுமென்ற மனமும் ஓயாத உள்ளமும்

போதுமென்ற மனத்தைப் பற்றிப் பாடம் நடத்தும்போதெல்லாம் மாணவர்களிடமிருந்து நமக்கு ஒரு கேள்வி வருகிறது: “அப்படியானால் முன்னேற ஆசைப்படுவது தவறா, உஸ்தாத்?” கனாஅத் எனும் நற்பண்பை முயற்சியின்மை என்று விளங்கிக்கொள்வதால் எழும் கேள்வி இது. இதற்கான விடையை உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களின் வரலாற்றில் காண்கிறோம்.

உமைய்யா அரச குடும்பத்தில் பிறந்த அவர்கள், இளமையில் உயர்ந்த ஆடைகளுக்கும் நறுமணத்திற்கும் பெயர் பெற்றவர்கள். ஹிஜ்ரி 87இல் (கி.பி. 706) மதீனாவின் ஆளுநரானதும், அவ்வூரின் ஃபிக்ஹு அறிஞர்கள் பத்துப் பேரை அழைத்து, அவர்களின் ஆலோசனையுடனேயே ஆட்சி நடத்த முனைந்தார்கள்.

ஹிஜ்ரி 99இல் (கி.பி. 717) கலீஃபா சுலைமான் மறைந்ததும் அப்பொறுப்பு இவர்களை வந்தடைந்தது. அரச வாகனங்கள் அணிவகுத்து நின்றபோது, தமது கோவேறு கழுதையே போதும் என்று அவற்றை விலக்கினார்கள். துணைவியார் ஃபாத்திமா, கலீஃபா அப்துல் மலிக்கின் மகள். தந்தை அளித்த அரிய நகைகளை அவர் பைத்துல்மாலில் ஒப்படைத்தார். கணவரின் மறைவுக்குப் பின், அடுத்து ஆட்சிக்கு வந்த சகோதரர் யஸீத் அவற்றைத் திருப்பித் தர முன்வந்தபோதும் ஏற்க மறுத்துவிட்டார்.

இத்துடன் நின்றிருந்தால் இது ஒரு துறவியின் கதை. ஆனால் உமர் (ரஹ்) அவர்கள் ஓய்ந்திருக்கவில்லை. அநியாயமாகப் பறிக்கப்பட்ட சொத்துகளை உரியவர்களிடம் மீட்டளித்தார்கள். இஸ்லாத்தை ஏற்றவர்களிடமும் ஜிஸ்யா வரி வாங்கும் வழக்கத்தைத் தடுத்தார்கள். அறிஞர்களின் மறைவோடு கல்வியும் மறைந்துவிடுமோ என அஞ்சி, நபிமொழிகளை எழுத்தில் தொகுக்குமாறு மதீனாவில் இருந்த அபூபக்ர் இப்னு ஹஸ்ம் அவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். இவ்வளவும் இரண்டரை ஆண்டுகளுக்கும் குறைவான ஆட்சிக் காலத்தில்!

தமது உள்ளம் ஒன்றை அடைந்தால் அதைவிட மேலானதற்கு ஏங்கும் இயல்புடையது என்றும், ஆட்சியை அடைந்தபின் அது சுவனத்திற்கு ஏங்குகிறது என்றும் அவர்கள் கூறியதாக வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்துள்ளனர். கவனியுங்கள்! அவர்கள் ஆசையைக் கொல்லவில்லை. அதன் திசையை உயர்த்தினார்கள்.

ஆக, நம் கைக்கு வந்து சேர்வதில் திருப்தி வேண்டும்; நம் கை செய்ய வேண்டியதில் திருப்தியடைந்து ஓய்ந்துவிடலாகாது. தேர்வுக்கு உழைக்கும் மாணவனும், கடையைப் பெருக்க நினைக்கும் வணிகரும், பிள்ளைகளின் படிப்புக்காகக் கடல்கடந்து பாடுபடும் தந்தையும் தாராளமாக முயலட்டும். ஆனால் கிடைக்கப்போவதை எண்ணியே இன்றைய உணவையும், உடல்நலத்தையும், ஸுஜூதில் கழியும் நிமிடங்களையும் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட வேண்டாம். அவற்றுக்கு நன்றி செலுத்திவிட்டு நாளைய பணியைத் தொடங்குவோம்.

போதுமென்ற மனத்தையும் சோர்வில்லா முயற்சியையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.