டங்கன் காம்பெல் ஸ்காட்டின் கையறுநிலை

கனடா நாட்டுக் கவிஞருள் டங்கன் காம்பெல் ஸ்காட்டை (1862–1947) அணிநலம் ஒன்றே கொண்டு மதித்தல் சாலாது. 1898-இல் வெளிவந்த ‘ஒனொண்டாகா மடோன்னா’ என்னும் பதினான்கடிப் பா, ஒனொண்டாகாப் பழங்குடித் தாயொருத்தியைக் கிறித்துவின் அன்னையாக உருவகிக்கின்றது. அவ்வன்னை ஏந்திய மகவு உலகை மீட்க வந்தது. இவள் மார்பணைந்த மகவோ தன் குலத்தின் அழிவுக்கு அறிகுறியாகின்றது. முரண் செப்பமாகவே அமைந்துள்ளது. ஆயினும், கையறுநிலை கழிந்தோர்மாட்டுப் பாடப்பெறுவது. இவரோ வாழ்வார்க்குப் பாடினார்.

அம்மட்டோ? 1913 முதல் 1932 வரை அந்நாட்டுப் பழங்குடியினர் துறையின் தலைமை அலுவலராய் விளங்கியவரும் இவரே. 7 முதல் 15 அகவை வரையுள்ள அக்குடிச் சிறாரைக் கட்டாயமாகப் பள்ளிக்கு அனுப்ப வழிசெய்த 1920-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் இவர் முயற்சியாற் போந்தது. விடுதிப் பள்ளிகளிற் சேர்க்கப்பெற்ற சிறார் பலர் தாய்மொழி இழந்தனர். ஒனொண்டாகா மக்கள் ஒண்டாரியோவின் கிராண்டு ஆற்றுப் பகுதியில் இன்றும் வாழ்கின்றனர்.