நாய் தந்த இன்சுலினும் நாயைக் கொல்லும் இனிப்பும்

கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதியை ஒட்டிய ஒழுங்கை ஒன்றில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எனது நெடுநாள் நண்பர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். எனக்கு அவர் மாஸ்டர். அவருக்கு நான் தம்பி. வெள்ளவத்தையிலிருந்து மாதம் ஒருமுறையாவது பஸ் ஏறி அவரைப் பார்க்கப் போவேன். எங்கள் இருவருக்கும் பொதுவானவை இரண்டு. ஒன்று, பழைய பத்திரிகைகள் மீதான பற்று. மற்றையது, சீனி வருத்தம்.

சில காலத்துக்கு முன்னர் அவ்வாறு போனபோது, ரொறன்ரோவிலிருந்து எனது அக்காவின் மகன் கொண்டுவந்திருந்த சூயிங்கம் பெட்டி ஒன்றை மாஸ்டருக்காக எடுத்துச் சென்றேன். 'சீனி அற்றது' என்று அதன் மேல் பெரிதாகப் போட்டிருந்தது. அதுதான் நான் அதை எடுத்துச் சென்றதற்கும் காரணம். மாஸ்டர் அதை ஸ்டூலின் மேல் வைத்துவிட்டுப் பேச்சில் ஆழ்ந்துவிட்டார். அவருடைய நாய் பிறவுனி அதைக் கீழே இழுத்துக் கடித்துக் குதறியதை இருவருமே கவனிக்கவில்லை. கவனித்தபோதும் சிரித்தோம் என்பதே உண்மை.

முக்கால் மணி நேரம் கழிந்திருக்கும். நாய் வாந்தி எடுத்தது. எழுந்து நடக்க முயன்று சுவரில் மோதியது. பின்னர் படுத்த இடத்திலேயே நடுங்கத் தொடங்கியது. விசர் நோயோ என்று நான் பின்வாங்கினேன். மாஸ்டர் அதன் அருகில் அமர்ந்து காலைப் பிடித்துப் பார்த்தார்.

"தம்பி, எனக்குச் சீனி குறையேக்கை இப்பிடித்தான் கால் நடுங்கிறது" என்றார்.

நீரிழிவுக்காரர் வீட்டில் குளுக்கோஸ் மா எப்போதும் இருக்கும். அதில் சிறிதளவை விரலில் தொட்டு நாயின் முரசில் தடவினார். முச்சக்கர வண்டியில் ஏற்றி மிருக வைத்தியரிடம் கொண்டு போனோம். சூயிங்கம் பெட்டியையும் மாஸ்டர் மறக்காமல் எடுத்து வந்திருந்தார். வைத்தியர் அதன் பின்புறத்திலிருந்த பொடி எழுத்துகளை வாசித்துவிட்டு, "சைலிட்டோல்" என்று ஒரே சொல்லில் விடயத்தைச் சொன்னார். குளுக்கோஸ் ஏற்றி, இரண்டு நாள் வைத்துப் பார்த்து, ஈரலுக்குப் பாதிப்பில்லை என்று உறுதிசெய்த பின்னரே நாயைத் திருப்பித் தந்தார்.

நாய் பிழைத்துவிட்டது. ஆயினும், சர்க்கரை இல்லாத ஒரு பண்டம் ஒரு நாயின் இரத்தத்திலுள்ள சர்க்கரையை எவ்வாறு வற்றச் செய்தது என்ற கேள்வி என்னை விடவில்லை. தேடி வாசித்தபோது, அதற்குள் ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருப்பதைக் கண்டேன்.

*

நீரிழிவுக்கும் நாய்க்கும் உள்ள தொடர்பு 1889இல் தொடங்குகிறது. அன்று ஜேர்மனியின் ஆட்சியிலிருந்த ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஒஸ்கார் மின்கோவ்ஸ்கி, யோசப் வொன் மேரிங் என்ற இரு மருத்துவர்கள், சதையி எனப்படும் கணையத்தை ஒரு நாயின் உடலிலிருந்து அகற்றினர். நாய் ஓயாமல் சிறுநீர் கழித்தது. சோதித்தபோது அதில் சர்க்கரை இருந்தது. நீரிழிவின் வேர் கணையத்தில் இருக்கிறது என்ற உண்மை இவ்வாறுதான் வெளிப்பட்டது.

அந்தக் கணையத்தில் சுரக்கும் பொருளைப் பிரித்தெடுக்க மேலும் 32 ஆண்டுகள் ஆயின. 1921 கோடையில் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் பிரெட்றிக் பாண்டிங், சார்ல்ஸ் பெஸ்ட் ஆகியோர் நாய்களிடமே அதைத் தேடினர். பல நாய்கள் இறந்தன. கணையம் அகற்றப்பட்ட மார்ஜரி என்ற நாயை, தாம் எடுத்த சாற்றைச் செலுத்தி ஏறத்தாழ 70 நாள் உயிரோடு வைத்திருந்தனர். 1922 ஜனவரியில் லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அந்த ஊசி முதன்முதலாகப் போடப்பட்டது. முதல் ஊசி சரிவரப் பயன் தரவில்லை. ஜேம்ஸ் கொலிப் தூய்மைப்படுத்திய சாறு சில நாட்களின் பின் செலுத்தப்பட்டதும் பையன் தேறினான். 1923இல் பாண்டிங்குக்கும், அந்த ஆய்வுகூடத்தின் தலைவரான மக்லியோடுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மார்ஜரியின் பெயர் மருத்துவ வரலாற்று நூல்களின் ஓரங்களில் மட்டும் எஞ்சியது.

இன்று மாஸ்டர் காலையும் மாலையும் போட்டுக்கொள்ளும் ஊசி அங்கிருந்து வந்தது.

*

இனி இனிப்பின் கதைக்கு வருவோம்.

சீனிக்கு மாற்றான முதலாவது செயற்கை இனிப்பு சக்கரின். 1879இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கொன்ஸ்தாந்தீன் பால்பேர்க் அதைத் தற்செயலாகக் கண்டறிந்தார். கைகளைச் சரியாகக் கழுவாமல் உணவுக்கு அமர்ந்தபோது பாண் இனித்தது என்பது அதைப் பற்றி வழங்கும் கதை. முதலாம் உலகப் போரில் ஏற்பட்ட சீனித் தட்டுப்பாடு சக்கரினை ஐரோப்பிய வீடுகளுக்குள் கொண்டு சென்றது.

தட்டுப்பாடு என்றதும் எமது நாட்டவர்க்கு 1970களின் முற்பகுதி நினைவுக்கு வரும். சீனிக்குக் கூப்பன் இருந்தது, சீனிதான் இருக்கவில்லை. எங்கள் வீடுகளில் அப்போது சக்கரினைத் தேடி யாரும் போகவில்லை. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் குடித்தோம். பின்லாந்து மக்களுக்குப் பனை இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சீனி கிடைக்காதபோது, அவர்களின் கவனம் மரத்திலிருந்து பெறக்கூடிய ஓர் இனிப்பின் பக்கம் திரும்பியது. 1891இல் ஜேர்மன் இரசாயனவியலாளர் எமில் பிஷர் உருவாக்கிய சைலிட்டோலே அது. மரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதன் பெயர் பிறந்தது. பழங்களிலும் மரக்கறிகளிலும் அது சிறு அளவில் இயற்கையாகவும் உண்டு. ஆகவே அதை முற்றிலும் 'செயற்கை' என்று சொல்வதும் சரியன்று.

சைலிட்டோல் சீனியளவு இனிக்கும், கலோரி குறைவு. மனித உடலில் அது இன்சுலினைப் பெரிதாகத் தூண்டுவதில்லை. ஆதலால் 1960களில் ஜேர்மனி, சோவியத் ஒன்றியம், ஜப்பான் முதலிய நாடுகளில் நீரிழிவு நோயாளருக்கு அது பரிந்துரைக்கப்பட்டது. 1970களில் பின்லாந்தின் தூர்க்கு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அது பற்சிதைவைக் குறைக்கிறது என்று காட்டினர். 1975 அளவில் சைலிட்டோல் சூயிங்கம் கடைக்கு வந்துவிட்டது.

என்னை நிறுத்தி யோசிக்க வைத்த இடம் இதற்குச் சற்று முன்னர் இருக்கிறது. 1966இலேயே ஜப்பானிய ஆய்வாளர்கள், சைலிட்டோலை நாய்களின் இரத்தத்தில் செலுத்தினால் இன்சுலின் பெருமளவில் சுரக்கிறது என்று கட்டுரை எழுதிவிட்டார்கள். மனிதனின் கணையம் கண்டுகொள்ளாத ஒரு பொருளை, நாயின் கணையம் குளுக்கோஸ் என்று எண்ணி ஏமாறுகிறது. வராத சர்க்கரைக்காக இன்சுலினைக் கொட்டுகிறது. அந்த இன்சுலின், இரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் சர்க்கரையைத் துடைத்துவிடுகிறது. நாய் தள்ளாடி, வலிப்பு வந்து, உயிரையும் விடக்கூடும்.

இது ஆய்விதழ்களில் கிடந்தது. சூயிங்கம் பெட்டியில் ஏறவில்லை. அமெரிக்காவில் வளர்ப்பு நாய்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாதிக்கப்பட்ட பின்னர், 2000களின் முற்பகுதியில்தான் விலங்கு நஞ்சு ஆலோசனை நிலையங்கள் எச்சரிக்கத் தொடங்கின. 2006இல் அமெரிக்க மிருக வைத்தியச் சங்கத்தின் ஆய்விதழ், சைலிட்டோல் உண்ட எட்டு நாய்களின் விபரங்களை வெளியிட்டது. ஈரல் செயலிழந்த அவற்றில் ஐந்து பிழைக்கவில்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் பின்னர் பொதுமக்களை எச்சரித்தது.

நாற்பது ஆண்டுகள். பத்திரிகைத் தொழிலில் காலத்தைக் கழித்த எனக்கு இது கூச்சத்தைத் தருகிறது. அறியப்பட்ட ஒன்று, அதை அறிய வேண்டியவரின் வாசலுக்குப் போய்ச் சேராதவரை அது செய்தியாவதில்லை.

*

இலங்கையில் இப்போது சீனியைக் குறைக்கும் காலம். 2016இல் மென்பானப் போத்தல்களில் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை அடையாளங்கள் வந்தன. 2017 நவம்பரில் பானங்களிலுள்ள சீனியின் ஒவ்வொரு கிராமுக்கும் வரி அறிவிக்கப்பட்டது. நல்ல நோக்கம்தான், சீனி வருத்தக்காரனான நான் அதை எதிர்க்கப் போவதில்லை. 'சீனி அற்றது' என்ற சொல் எங்கள் வீடுகளில் 'தீங்கற்றது' என்ற பொருளைப் பெற்றுவிட்டது என்பதே என் கவலை.

வீணான அச்சத்தையும் நான் பரப்ப விரும்பவில்லை. சக்கரின், அஸ்பார்ட்டேம், சுக்ரலோஸ், ஸ்டீவியா ஆகியவை நாய்களுக்கு இவ்வகையான ஆபத்தைத் தருவதாக அறியப்படவில்லை. வயிற்றைக் கலக்கலாம், அவ்வளவே. பயப்பட வேண்டியது சைலிட்டோலுக்கு. சீனி அற்ற சூயிங்கம், மிட்டாய், சில பற்பசைகள், வாய் கொப்பளிக்கும் திரவங்கள், இருமல் பாணிகள், மென்று உண்ணும் விற்றமின் குளிசைகள், சில நிலக்கடலை வெண்ணெய்கள் ஆகியவற்றில் அது இருக்கும். சில பொதிகளில் 967 என்ற எண்ணாலும், 'பேர்ச் மரச் சீனி' என்ற பெயராலும் மறைந்திருக்கும். உடல் எடையில் கிலோவுக்கு 0.1 கிராம் போதும், சர்க்கரை இறங்க, 0.5 கிராம் ஈரலையே அழிக்கலாம். பத்துக் கிலோ நாய்க்கு ஒரு கிராம் ஆபத்து என்பது கணக்கு. சில சூயிங்கம்களில் ஒன்றிலோ இரண்டிலோ அவ்வளவும் அடங்கிவிடும்.

அறிகுறிகள் அரை மணி நேரத்திலும் தோன்றலாம். பல மணி நேரம் கழித்தும் தோன்றலாம். நஞ்சு முறிப்பு மருந்து என்று எதுவும் இல்லை. நாய் நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திராமல், பொதியையும் எடுத்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் ஓடுவதே வழி. வீட்டில் வாந்தி எடுக்கச் செய்ய முயல வேண்டாம்.

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் இருந்து இதை வாசிப்பவர்கள் பலர். ஊருக்கு வரும்போது நீரிழிவுள்ள பெற்றோருக்கென்று சீனியற்ற பண்டங்களைப் பெட்டியில் அடுக்குகிறீர்கள். அன்புதான். நானும் அந்த அன்பில்தான் மாஸ்டர் வீட்டுக்கு அதைக் கொண்டு போனேன். இனி அடுக்கும்போது பொடி எழுத்தை ஒருமுறை வாசியுங்கள். வீட்டில் நாய் இருக்கிறதா என்று கேளுங்கள்.

சென்ற வாரமும் கொட்டாஞ்சேனைக்குப் போயிருந்தேன். இந்தக் கதை முழுவதையும் மாஸ்டருக்குச் சொன்னேன். மார்ஜரியின் பெயரை இரண்டு தரம் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு, ஊசி மருந்து வைத்திருக்கும் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தபடியே சொன்னார்:

"அப்ப நாங்கள் அதுகளுக்குக் கடன்காரர், என்ன தம்பி?"

பிறவுனி வாசற்படியில் படுத்திருந்தது. நான் கொண்டு போன பையை அது முகர்ந்து பார்த்தது. அன்று அதில் பழைய பத்திரிகைகள் மட்டுமே இருந்தன.