காற்றைக் கணக்கிட்ட வரலாறு

இலங்கை மலைநாட்டின் காற்றில் மிதந்து திரிவது யாது என்று கண்ணாடி வைத்துப் பார்த்தவர் ஹரி மார்ஷல் வார்டு. 1869இல் கோப்பி இலையிலே செம்மஞ்சள் துகளாகத் தோன்றிய பங்கசு, இருபதாண்டுகளுக்குள் அத்தொழிலையே விழுங்கிற்று. 1880 முதல் 1882 வரை இங்கு ஆராய்ந்த அந்த இளம் ஆங்கிலேயர், கிளிசரின் தடவிய தகடுகளைத் தோட்டங்களில் தொங்கவிட்டு, அவற்றில் ஒட்டிய வித்திகளை நுணுக்குக்காட்டியிற் கண்டார். நோயைச் சுமப்பது காற்றே என்று நிறுவியதோடு, மலை மலையாக ஒரே பயிரை நட்டதே பங்கசுக்கு விருந்தாயிற்று என்றும் சுட்டினார். துரைமார் கேட்டது மருந்து. அவர் சொன்னதோ காரணம். கோப்பியைப் பிடுங்கிய குன்றுகளில் மீண்டும் ஒரே பயிராகத் தேயிலை எழுந்தது. பருவந்தோறும் வந்துபோன தென்னிந்தியத் தொழிலாளர், ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்கவேண்டி லயன்களிற் குடியமர்ந்தனர்.

1946இல் தேயிலையின் கொப்புள நோய் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தோன்றியது. வித்திக்குக் கடவுச்சீட்டு வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமோ, அந்நோய்க்கெதிராக மருந்தடித்த மக்களை நாடற்றோராக்கிற்று.

இதற்கிடையே ஐரோப்பாவில், பரவலைச் சமன்பாட்டிற் பிடிக்கும் முயற்சி நடந்துகொண்டிருந்தது. 1922இல் லூயிஸ் ஃபிரை றிச்சட்சன், வளிமண்டலத்தைக் கட்டங்களாகப் பிரித்து எண்களாலேயே வானிலையைக் கணிக்கும் வழியை நூலாக்கினார். போரை வெறுத்த அவர், வானிலை அலுவலகம் வான்படை அமைச்சின் கீழ்ச் சென்றபோது பதவியைத் துறந்தவர். புகைப்படலம் விரியும் விதத்துக்குச் சூத்திரம் தந்த சட்டன் பணிபுரிந்ததோ போர்ட்டன் நச்சுவாயு ஆராய்ச்சிக் களத்தில். அதே சூத்திரத்தை 1945இல் கிரெகரி பங்கசு வித்திகளுக்குப் பொருத்தினார். விஞ்ஞானம் யார் கையில் இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா?

முறை எளிது. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் காற்று கொண்டுவருவது, கொண்டுபோவது, கலப்பது, மண்ணில் விழுவது ஆகியவற்றைப் படிப்படியாகக் கூட்டிக் கழிக்கிறோம். பெட்டியின் நீளம் 1,000 மீற்றர், காற்றின் வேகம் செக்கனுக்கு 5 மீற்றர் எனின், சாதாரண முறையிலே ஒரு படி 200 செக்கனை மீறலாகாது. மீறினால் துகள் ஒரு பெட்டியையே தாண்டிக் குதிக்கும், விடை அலங்கோலமாகும். 1928இல் கூறன்ற் முதலிய மூவர் காட்டிய வரம்பு இது. கோடிட்ட தாளிலே மாணவரும் செய்து பார்க்கலாம். ஆனால் நம் மலைகள் பொல்லாதவை. பத்துக் கிலோமீற்றர்ப் பெட்டியில் நுவரெலியாவும் தலவாக்கலையும் அண்டை வீடுகளாகிவிடும். இடையே உள்ள முகடும் பள்ளமும் சராசரி உயரத்தில் கரைந்துபோகும். காலையிற் பள்ளத்தாக்கில் தேங்கும் மூடுபனியை அப்பெட்டி அறியாது.

தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் வேறு வழி கண்டனர். வெயில் வித்தியைக் கொல்லும். மப்பும் ஈரமும் அதை வளர்க்கும். வெயிலுக்கும் மழைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை விசர், சண்முகநாதன், சபாநாயகம் மூவரும் 1961இல் வெளியிட்டனர். 1967இல் கெர், றொட்றிகோ இருவரும் காற்றின் வித்திகளையும் வெயில் நேரத்தையும் கொண்டு நோயை முன்னறியும் சமன்பாட்டைத் தந்தனர். தேவையற்ற நாளில் மருந்தடிப்பதைத் தவிர்க்க இது வழிகாட்டியது. தோட்டக் கணக்கில் அது செலவுக் குறைப்பு.

வித்தியின் இடத்திலே செப்பு மருந்தின் துளியை வைத்தாலும் பரவற் கணக்கு அதேதான்; துளியின் பருமனும் விழும் வேகமுமே மாறும். தலவாக்கலைச் சமன்பாட்டில் வித்தி இருந்தது, வெயில் இருந்தது. முதுகிற் கலனைச் சுமந்தவரின் மூச்சு அதில் ஒரு கணியமாக இருக்கவில்லை.