பேருக்குப் பின்னாடி ஒரு "தத்தா"

வங்காள நாடக நடிகைன்னா நம்மில் பலருக்கும் பினோதினி தாசி பேர்தான் ஞாபகத்துக்கு வரும். சுயசரிதை எழுதினவர், ஸ்டார் தியேட்டர் கட்டக் காரணமா இருந்தவர். ஆனா இன்னைக்கு நான் சொல்லப் போறது அவருக்குக் கொஞ்சம் முன்னாடி மேடை ஏறிய இன்னொருத்தரைப் பத்தி. பேர் கோலாப் சுந்தரி. பின்னாடி சுகுமாரி தத்தா. இந்தப் பேர் மாற்றத்துக்குள்ளதான் மொத்தக் கதையும் இருக்கு.

கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். கல்கத்தாவில் டிக்கெட் வாங்கினா யார் வேணும்னாலும் நாடகம் பார்க்கலாம் என்ற நிலைமை 1872 டிசம்பர் 7ல்தான் வந்தது. நேஷனல் தியேட்டர், நாடகம் 'நீல் தர்ப்பண்'. அதுக்கு முன்னாடி பெரும்பாலும் ஜமீன்தார் வீட்டு முற்றத்து நாடகங்கள்தான். நேஷனல் தியேட்டரிலும் பெண் வேஷம் எல்லாம் ஆண்கள்தான். மீசையை மழிச்சுட்டு புடவை கட்டிக்க வேண்டியது!

அடுத்த வருஷம் பெங்கால் தியேட்டர்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. பெண் வேஷத்துக்குப் பெண்களையே போடணும்னு அவங்களுக்கு வற்புறுத்திச் சொன்னவர் கவிஞர் மைக்கேல் மதுசூதன் தத். நாலு பெண்கள் சேர்ந்தாங்க. ஜகத்தாரிணி, ஏலோகேசி, ஷ்யாமா, அப்புறம் நம்ம கோலாப். முதல் நாடகம் மதுசூதனோட 'சர்மிஷ்டா', 1873 ஆகஸ்ட் 16. அதைப் பார்க்க அவர் இல்லை. ஜூன் 29லேயே இறந்துட்டார்.

நாலு பேரும் பாலியல் தொழில் நடந்த தெருக்களில் இருந்து வந்தவங்க. வேற வழியும் கிடையாது. குடும்பப் பெண்கள் தெருவில் இறங்கி நடக்கிறதே அபூர்வம், மேடைக்கு எங்கே வர்றது? எனக்குத் தூக்கிவாரிப் போட்ட விஷயம் என்னன்னா, இதை எதிர்த்து பெங்கால் தியேட்டர் ஆலோசனைக் குழுவில் இருந்து விலகினவர் ஈஸ்வரசந்திர வித்யாசாகர். ஆமாம், விதவை மறுமணச் சட்டத்துக்காக ஊரோட ஏச்சை எல்லாம் வாங்கிக்கிட்ட அதே வித்யாசாகர்தான். எவ்வளவு பெரிய மனுஷனுக்கும் ஒரு கோடு இருக்கும் போல. அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னவங்க இந்த நாலு பேர்.

கோலாப்புக்கு நல்ல குரல், நடிப்பும் பிரமாதம். 1875ல் கிரேட் நேஷனல் தியேட்டரில் உபேந்திரநாத் தாஸ் எழுதிய 'சரத் சரோஜினி' நாடகத்தில் சுகுமாரின்னு ஒரு பாத்திரம் செய்தார். அது அப்படிப் பிடிச்சுப் போச்சு ஜனங்களுக்கு. அதுக்கப்புறம் அவர் பேரே சுகுமாரி.

உபேந்திரநாத் சீர்திருத்தம் பேசறதோட நிக்கிற ஆள் இல்லை. கூட நடிச்ச கோஷ்டபிஹாரி தத்தாவுக்கும் சுகுமாரிக்கும் கல்யாணம் செய்து வச்சார். எப்படி? 1872ல் வந்த மூன்றாம் சட்டத்தின்படி, பதிவுத் திருமணம். அந்தச் சட்டத்தில் கல்யாணம் செய்யணும்னா 'நான் இந்து இல்லை, முஸ்லிம் இல்லை, கிறிஸ்தவன் இல்லை' என்று எழுதிக் கொடுக்கணும். கையெழுத்துப் போட்டதும் கோலாப் 'திருமதி சுகுமாரி தத்தா' ஆனார். குடும்பப்பேரே இல்லாத உலகத்தில் இருந்து வந்த ஒரு பெண்ணுக்கு அந்த 'தத்தா' எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க.

ஆனா கல்யாணம் நிலைக்கலை. கோஷ்டபிஹாரி மனைவியையும் பெண் குழந்தையையும் விட்டுட்டு இங்கிலாந்து போயிட்டார். உபேந்திரநாத் கதை வேற மாதிரி. 1876ல் நாடகத்தில் ஆபாசம்னு வழக்குப் போட்டு அவரையும் அமிர்தலால் பாசுவையும் உள்ளே தள்ளினாங்க. உயர் நீதிமன்றம் விடுவிச்சது. அவரும் கப்பல் ஏறிட்டார். அந்த வருஷக் கடைசியில் வந்ததுதான் நாடக நிகழ்ச்சிகள் சட்டம். இந்தியா முழுக்க நாடகக்காரங்க கழுத்தில் தொங்கின கத்தி. 2018ல்தான் அதை ரத்து செஞ்சாங்க!

கல்யாணத்தைச் செய்து வச்சவரும் போயாச்சு, செய்துக்கிட்டவரும் போயாச்சு. சுகுமாரி மறுபடி மேடைக்கு வந்தார். சம்பாதிச்சாத்தானே சோறு?

இப்போ முக்கியமான விஷயம். அவர் ஒரு நாடகமும் எழுதியிருக்கார். 'அபூர்வ சதி', 1875. விலைமாதோட மகள் நளினி. படிச்ச பொண்ணு. ஒரு ஜமீன்தார் பையனை விரும்புறா. அம்மா அவளைத் தொழிலுக்கு இழுக்கிறா, பையன் வீட்டில் ஏத்துக்கலை. முடிவு சோகம். 'சதி' என்றால் பத்தினி. நளினி மாதிரி பெண்ணுக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்துத் தலைப்பு வைக்க ஒரு தைரியம் வேணும். வங்காள மேடைக்கு நடிகை ஒருத்தர் எழுதின முதல் நாடகம்னு இதைச் சொல்றாங்க.

அசுதோஷ் தாஸ்னு ஒருத்தர் பேரும் இந்த நாடகத்தோட சேர்ந்து வருது. அதை வச்சு 'அவரே எழுதியிருப்பார்'னு சொல்றவங்க உண்டு. இருக்கலாம், உதவியிருக்கலாம். ஆனா நளினி பேசுற நியாயம் யாருடைய வாழ்க்கையில் இருந்து வந்ததுன்னு கேட்டா, எனக்குச் சந்தேகமே இல்லை.

பினோதினிக்கு 1883ல் ஸ்டார் தியேட்டருக்குத் தன் பேரை வைப்பாங்கன்னு ஆசை காட்டி ஏமாத்தினாங்க. பின்னாடி அந்தப் பேரில் இயங்கிட்டிருந்த தியேட்டருக்கு பினோதினி பேரை வைக்கிறதா 2024 டிசம்பர் 30ல்தான் மேற்கு வங்க முதல்வர் அறிவிச்சார். 141 வருஷம்! லேட்டானாலும் சந்தோஷம்தான்.

கோலாப்புக்கு அப்படி ஒரு கட்டடம் இல்லை. ஒரு நாடகம் இருக்கு, ஒரு கையெழுத்து இருக்கு. போட்டவன் ஓடிப்போனாலும் அந்தத் 'தத்தா'வை அவர் கடைசி வரைக்கும் விடலை. அவ்வளவு விலை கொடுத்து வாங்கினது, எதுக்கு விடணும்?