குலை நோயும் மரபணுவும்

ஒரு நாட்டின் வரலாற்றை மன்னர்கள் மட்டும் எழுதிவிடுவதில்லை. கண்ணுக்குப் புலப்படாத பூஞ்சணங்களும் எழுதுகின்றன. நம் நாட்டில் நெல்லின் குலை நோய் முதன்முதலாகப் பதிவானது 1913ஆம் ஆண்டில். ஆறே ஆண்டுகளில், 1919இல், தஞ்சைக் கழனிகளில் அது பெருவாரியாகப் பரவிப் பேரழிவு விளைத்தது.

வேலூரும் ஆம்பூரும் தோல் தொழிலால் பெயர் பெற்றவை. நான் பிறந்த நெமிலிப் பக்கமோ ஏரியையும் நெல்லையும் நம்பி வாழ்வது. பனிக்காலத்தில் இலைகளில் கண் வடிவப் புள்ளிகள் தோன்றினால் எங்கள் உழவர் முகம் வாடிவிடும். கதிரின் கழுத்தை நோய் பற்றினால் மணி பதராகும்; ஓராண்டு உழைப்பு வீணாகும்.

இத்தனை வலிமை ஒரு சிறு பூஞ்சணத்துக்கு எவ்வாறு வந்தது? அதன் வித்து, பனித்துளியில் முளைத்து, இலைமீது குமிழ் போன்றதோர் உறுப்பை அமைக்கிறது. அதனுள் காற்று மண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 80 மடங்கு அழுத்தம் திரள்கிறது. அவ்விசையால் இலையைத் துளைத்து உட்புகுகிறது. பின்னர்த் தன் மரபணுக்களின் ஆணைப்படி சில புரதங்களைச் சுரந்து, பயிரின் காவலை மயக்குகிறது.

பயிரும் வாளாவிருப்பதில்லை. பகைவனின் ஒரு மரபணுவைக் கண்டுகொள்ளப் பயிரிடம் ஒரு மரபணு உண்டு என்று, ஆளிச்செடியின் துரு நோயை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஃபிளார் 1940களில் நிறுவினார். நெல்லிலும் அத்தகைய இணையொன்று 2000ஆம் ஆண்டில் தெளிவாயிற்று: நெல்லின் 'பை-டா' என்னும் மரபணு, பூஞ்சணத்தின் ஒரு மரபணு ஆக்கும் புரதத்தை அடையாளம் காண்கிறது. 2005இல் அப்பூஞ்சணத்தின் மரபணுத் தொகுதி முழுவதும் வெளியிடப்பெற்றது. அதில் 11,000க்கும் மேற்பட்ட மரபணுக்கள் இருப்பதாகக் கணக்கிட்டனர்.

ஆனால் பகைவன் அந்த ஒரு மரபணுவை மாற்றிக்கொண்டாலோ இழந்துவிட்டாலோ, காவலுக்கு அவனைத் தெரியாது. நேற்றுவரை நோய் தாங்கிய இரகம் இன்று வீழ்வதன் காரணம் இதுவே.

இந்நுட்பம் வெளிப்படுவதற்கு முன்பே கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சியாளர்கள் நல்வழி கண்டனர். நோய் தாங்கும் ஆனைக்கொம்பன் என்னும் கோ 4 இரகத்தை ஆடுதுறை 10உடன் கலந்து, கோ 25 என்னும் இரகத்தை உருவாக்கினர். அடுத்து வரும் பூஞ்சணத்துக்கு எந்தப் பழைய நெல் விடையாகும் என்று எவரும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஆகவே, மாணவ நண்பர்களே, வயலெங்கும் ஒரே இரகத்தை விதைப்பது ஒரே பூட்டை எல்லா வீடுகளுக்கும் போடுவதாகும். வழக்கொழியும் நெல்வகைகளைப் பேணுதல் பழமைப் பற்று அன்று. நாளைய உணவுக்கு இன்றே வைக்கும் காப்பு.