கன்வேட்டருக்குள் பிளாற்றினம் இருந்தால் போதுமா?

கண்டி நகரம் மலைகளுக்கு நடுவே கிண்ணம்போல் அமைந்தது. காற்றோட்டம் குறைந்த காலைவேளைகளில் வாகனப் புகை கலைந்து போகாமல் கீழேயே தேங்குகிறது. இந்தக் காற்றைச் சுவாசிப்பவன் என்பதால், பெற்றோல் வாகனங்களின் புகைக்குழாயில் உள்ள கெட்டலிட்டிக் கன்வேட்டர் பற்றி எழுதுவது அவசியம் என நினைக்கிறேன்.

2008இல் ஆரம்பமான புகைப் பரிசோதனை, பெற்றோல் வாகனப் புகையிலுள்ள காபனோரொட்சைட்டையும் ஐதரோகாபன்களையும் அளக்கிறது. கன்வேட்டரிலுள்ள உலோகத்தின் நிலையை அறிய வேண்டுமானால் ஆய்வுகூடத்துக்குத்தான் போகவேண்டும்.

கன்வேட்டருக்குள் தேன்கூடு போன்ற பீங்கான் இருக்கும். அதன்மேல் அலுமினாப் பூச்சு. பூச்சில் பிளாற்றினம், பல்லேடியம், றோடியம் ஆகியவை மிக நுண்ணிய மணிகளாகப் பரவியிருக்கும். மணியின் மேற்பரப்பிலுள்ள அணுக்களே வேலை செய்யும். கடும் வெப்பத்தில் சிறுமணிகள் ஒன்றிணைந்து பெருமணிகளாகும். உலோகத்தின் நிறை மாறாது. வாயுவைத் தொடும் அணுக்கள் குறைந்துவிடும்.

அந்த அணுக்களை எண்ணும் முறையே புறத்துறிஞ்சல் அளவீடு. மாதிரியை ஐதரசனில் சூடாக்கி, உலோகத்தின்மீதுள்ள ஒட்சிசனை நீக்குவார்கள். பிறகு ஈலியம் போன்ற சடத்துவ வாயுவைச் செலுத்தி, எஞ்சிய ஐதரசனை அகற்றிக் குளிரவிடுவார்கள். அடுத்து, அளவு தெரிந்த காபனோரொட்சைட்டைச் சிறுசிறு தவணைகளாக அனுப்புவார்கள். முதல் தவணைகள் உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும். அனுப்பிய அளவு முழுதாக வெளியே வரும்போது மேற்பரப்பு நிரம்பிவிட்டது என்று பொருள். அதுவரை குறைந்த அளவுகளைக் கூட்டினால் விடை கிடைக்கும்.

ஓர் உதாரணம்: ஒரு கிராம் ஊக்கியில் 1% பிளாற்றினம் என்றால் 10 மில்லிகிராம், அதாவது சுமார் 51 மைக்ரோமூல் அணுக்கள். பாகை 0 செல்சியசிலும் ஒரு வளிமண்டல அமுக்கத்திலும் 0.57 மில்லிலீற்றர் காபனோரொட்சைட்டு ஒட்டினால், ஓர் அணுவுக்கு ஒரு மூலக்கூறு என்ற கணக்கில், 50% அணுக்கள் வெளியே தெரிகின்றன. அதே ஊக்கி வெப்பத்தில் கெட்டு 0.11 மில்லிலீற்றர் மட்டுமே ஏற்றால், அது 10% ஆகிவிடும்.

இந்தக் கணக்கில் கவனம் தேவை. ஒரு மூலக்கூறு இரண்டு அணுக்களைப் பற்றிக்கொள்ளலாம். றோடியத்தின் ஓர் அணுவில் இரண்டு மூலக்கூறுகள் ஒட்டலாம். கன்வேட்டர்களில் சேர்க்கப்படும் சீரியம் ஒட்சைட்டும் காபனோரொட்சைட்டை ஏற்பதால், அதைத் தனியே கழிக்கவேண்டும். 1938இல் வெளியான புறுனோயர், எம்மெற், டெல்லர் முறை நைதரசனைக் கொண்டு மொத்த மேற்பரப்பை அளக்கும். உலோகத்தைப் பிரித்துக் காட்டாது.

வாகனம் வைத்திருப்போருக்கு ஒன்று சொல்வேன். எஞ்சின் சரியாக எரியாமல் தட்டினால் உடனே திருத்துங்கள். எரியாத பெற்றோல் கன்வேட்டருக்குள் எரிந்து அதை மிகையாகச் சூடாக்கும். ஒன்றிணைந்த மணிகளைப் பழையபடி பிரித்தெடுக்க எந்தக் கராஜிலும் வழியில்லை.